பீட்டா பிளாக்கர் மாத்திரையும் வாட்ச் காட்டும் இலக்குத் துடிப்பும்

கேள்வி: எனக்கு 54 வயது. இரத்த அழுத்தத்துக்காகச் சில ஆண்டுகளாக மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். இரண்டு மாதங்களுக்கு முன் மருத்துவர் பழைய மாத்திரையை நிறுத்திவிட்டு மெட்டோப்ரோலால் கொடுத்தார். அதற்கு முன் ஓய்வில் 72 என்று காட்டிய என் ஸ்மார்ட் வாட்ச் இப்போது 58 என்று காட்டுகிறது. தூக்கத்தில் 49 வரை இறங்குகிறது. நாள்தோறும் காலையில் முக்கால் மணி நேரம் வேகமாக நடக்கிறேன். என் இலக்கு 116 முதல் 133 வரை என்று வாட்ச் சொல்கிறது. ஆனால் எவ்வளவு வேகமாக நடந்தாலும் 104-ஐத் தாண்டுவதில்லை. இலக்கை எட்டுவதற்காகச் சற்று ஓடிப் பார்த்தேன். ஒருநாள் ஓடும்போது திடீரென்று 164 காட்டியது. பயந்து நின்று, கையில் நாடி பிடித்துப் பார்த்தால் கால் நிமிடத்தில் 28 துடிப்புதான் வந்தது. இரண்டு முறை, ஓடி நின்றவுடன் தலைசுற்றலும் வந்தது. 58 ஆபத்தான எண்ணா? இலக்கை எட்டாத நடையால் இதயத்துக்குப் பயன் உண்டா? மாத்திரையைச் சில நாள் நிறுத்திப் பார்க்கலாமா?

பதில்:

அன்புள்ள அம்மா,

உங்களுடைய கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மெட்டோப்ரோலாலை நீங்களாக நிறுத்த வேண்டாம். அளவைக் குறைக்கவும் வேண்டாம். பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால், அவை இதுவரை அடக்கி வைத்திருந்த அட்ரினலின் தூண்டுதல் முன்பைவிடக் கூடுதலான வேகத்தோடு திரும்பி, துடிப்பும் இரத்த அழுத்தமும் சட்டென்று உயரும். இதய இரத்தக் குழாயில் அடைப்பு உள்ளவர்களுக்கு, அதுவரை அந்த அடைப்பு வெளியே தெரியாமல் இருந்திருந்தாலும்கூட, நெஞ்சுவலியும் மாரடைப்பும் வர அது காரணமாகலாம். நிறுத்தத்தான் வேண்டும் என்றால், மருத்துவர் மேற்பார்வையில் ஒன்று முதல் இரண்டு வாரங்களில் படிப்படியாகக் குறைப்பதே முறை. அதோடு, நேரில் ஆலோசனை பெறும்வரை ஓட்டத்தையும் விட்டுவிடுங்கள். நடையை விடாதீர்கள், உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது, அந்த நடை போதாது என்று நினைத்து நீங்கள் அதைக் கைவிட்டுவிடக் கூடாதே என்ற கவலைதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

58 என்ற எண்ணுக்கு வருகிறேன். ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை என்பதே பெரியவர்களுக்குரிய வழக்கமான வரம்பாகப் பாடநூல்கள் தரும் அளவு. இந்த வரம்புக்கு வெளியே போனாலே நோய் என்று பொருளில்லை. நெடுந்தொலைவு ஓட்டப் பயிற்சி பெற்றவர்களிடம் ஓய்வுத் துடிப்பு 40-களில் இருப்பது இயல்பு. தூக்கத்தில் எல்லோருக்கும் துடிப்பு குறையும். மெட்டோப்ரோலால் சாப்பிடுபவருக்கு 72-லிருந்து 58-க்கு இறங்குவது அந்த மாத்திரை செய்ய வேண்டிய வேலையைச் செய்கிறது என்பதற்கான அடையாளம். தூக்கத்தில் 49 என்பதும் அதன் தொடர்ச்சியே. குறைந்த துடிப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய இடம் வேறு. விழித்திருக்கும்போது துடிப்பு 50-க்குக் கீழே இறங்கி, அதோடு மயக்கம், கண் இருட்டிக்கொண்டு வருதல், காரணமில்லாத கடும் சோர்வு, மூச்சுத் திணறல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று சேர்ந்திருந்தால், அன்றைக்கே ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும். துடிப்பு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது, அது சரியல்ல. இதயத்தின் மின்கடத்தல் பாதையில் அடைப்பு ஏற்பட்டாலும் துடிப்பு 30-களுக்கு இறங்கும். அந்த நிலையில் பேஸ்மேக்கர் தேவைப்படலாம்.

ஓய்வுத் துடிப்பு என்று நாம் சொல்லும் எண் எப்படி அளக்கப்பட்டது என்பதைப் பொறுத்தே அதற்கு மதிப்பு உண்டு. காலையில் விழித்ததும் படுக்கையிலிருந்து எழுவதற்கு முன் அளப்பது எல்லாவற்றிலும் சிறந்தது. அது முடியாவிட்டால், காபியோ தேநீரோ குடிப்பதற்கு முன், ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்திருந்து, யாரோடும் பேசாமல் அளக்க வேண்டும். உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, கட்டைவிரலுக்கு நேர்கீழே மணிக்கட்டின் ஓரத்தில் மற்றொரு கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெல்ல அழுத்துங்கள். கட்டைவிரலால் பிடிக்க வேண்டாம். அதில் ஓடும் நாடியையே எண்ணிவிட வாய்ப்புண்டு. ஓய்வில் முழு ஒரு நிமிடம் எண்ணுவதே என் பரிந்துரை, ஏனெனில் எண்ணிக்கை மட்டுமல்லாமல் துடிப்புகளுக்கு இடையிலான இடைவெளி சீராக இருக்கிறதா என்பதும் அப்போதுதான் தெரியும். எப்போதாவது ஒரு துடிப்பு தவறுவது பலருக்கும் நேர்வது. ஒழுங்கே இல்லாமல், எந்த இரண்டு இடைவெளியும் ஒன்றுபோல் இல்லாமல் துடித்தால் அது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக இருக்கலாம். மூளைப் பக்கவாதத்துக்கு அது முக்கியமான காரணங்களில் ஒன்று என்பதால், உடலில் வேறு எந்தத் தொல்லையும் இல்லாவிட்டாலும் அதற்கு ஈ.சி.ஜி. எடுத்தே ஆக வேண்டும். கழுத்தில் நாடி பார்ப்பவர்கள் ஒரு பக்கம் மட்டும், அதுவும் மென்மையாகத் தொட வேண்டும். அந்த இடத்தில் அழுத்தம் உணரும் நரம்பு முனைகள் இருப்பதால், பலமாக அழுத்தினால் துடிப்பே குறைந்து மயக்கம் வரக்கூடும்.

இப்படி அளந்த எண்ணை வேறொருவரின் எண்ணோடு ஒப்பிடுவதால் பெரிதாக ஒன்றும் தெரியாது. உங்களுடைய நேற்றைய எண்ணோடும், போன வார எண்ணோடும் ஒப்பிட்டால் நிறையத் தெரியும். உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினாலே நிமிடத்துக்கு ஏறக்குறைய பத்துத் துடிப்பு கூடும். தூக்கக் குறைவு, நீர்ச்சத்துக் குறைவு, இரத்தசோகை, தைராய்டு மிகைச் சுரப்பு, மூக்கடைப்புக்கான சில மாத்திரைகள், ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் சால்புடமால் ஆகியவையும் துடிப்பை உயர்த்தும். மாத்திரை மாறாமல் இருக்கும்போதே உங்கள் ஓய்வுத் துடிப்பு பல நாள் தொடர்ந்து பத்துக்கு மேல் கூடினால், அதற்குக் காரணம் தேடுவது நல்லது.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது 104 என்ற எண். அது ஏன் அந்த அளவிலேயே நிற்கிறது என்பதற்கு உடலியங்கியலில் தெளிவான விளக்கம் இருக்கிறது. இதயத்தின் வலது மேலறையில் உள்ள சைனஸ் கணு, எந்த நரம்பின் தலையீடும் இல்லாமல் தானாக விடப்பட்டால், நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 முறை துடிப்பை எழுப்பும். மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்களிடம் நரம்புத் தொடர்பு அறுபட்டிருப்பதால் ஓய்விலேயே 90, 100 என்று துடிப்பு இருப்பதை நாங்கள் பார்க்கிறோம். மற்றவர்களிடம் வேகஸ் நரம்பு அந்த இயல்பு வேகத்தை இடைவிடாமல் தணித்து 60-களிலும் 70-களிலும் வைத்திருக்கிறது. நடக்கத் தொடங்கியதும் முதலில் நடப்பது, வேகஸின் இந்தத் தணிப்பு விலகுவதுதான். பெரும்பாலும் அதனாலேயே துடிப்பு 100-ஐ நெருங்குகிறது. அதற்கு மேல் ஏறுவதற்கு அட்ரினலின், நார் அட்ரினலின் ஆகியவற்றின் தூண்டுதல் வேண்டும். அந்தத் தூண்டுதலைப் பெற்றுக்கொள்ளும் பீட்டா ஏற்பிகளைத்தான் உங்கள் மாத்திரை அடைத்து வைத்திருக்கிறது. முதல் பாதி ஏற்றம் எளிதில் நிகழ்ந்து, இரண்டாம் பாதி தடைபடுவதால், நீங்கள் 104-க்கு அருகில் நின்றுபோவது எதிர்பார்க்கக்கூடியதே. உங்கள் உழைப்பில் குறை எதுவும் இல்லை. துடிப்பு கூட முடியாத இடத்தில் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலான இரத்தத்தை வெளியேற்றிக் குறையை ஓரளவு ஈடுகட்டிக்கொள்கிறது. தசைகளும் தமக்கு வரும் இரத்தத்திலிருந்து கூடுதலான ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன. ஆகவே, மாத்திரைக்கு முன் 120 துடிப்பில் நீங்கள் செய்த அதே உழைப்பை இப்போது 104 துடிப்பிலேயே செய்துகொண்டிருக்கலாம்.

வாட்ச் இதை அறியாது. 220-லிருந்து வயதைக் கழித்தால் கிடைப்பது உச்சத் துடிப்பு என்ற வாய்பாட்டின்படி அது உங்களுக்கு 166 என்று கணக்கிட்டு, அதில் 70 முதல் 80 விழுக்காட்டை எடுத்து 116 முதல் 133 வரை என்று இலக்கு தந்திருக்கிறது. அந்த வாய்பாடு 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆய்வாளர்கள் சாமுவேல் ஃபாக்ஸும் வில்லியம் ஹாஸ்கெல்லும் வெவ்வேறு ஆய்வுகளிலிருந்து திரட்டிய புள்ளிகளுக்கிடையே வரைந்த ஒரு தோராயக் கோட்டிலிருந்து பிறந்தது. தனிமனிதருக்குரிய விதியாக வகுக்கப்பட்டதல்ல. 2001-இல் வெளியான விரிவான ஆய்வொன்று, வயதை 0.7-ஆல் பெருக்கி 208-லிருந்து கழிப்பது பொருத்தமானது என்றது. அதன்படி உங்களுக்கு 170 வரும். இரண்டில் எதை எடுத்தாலும், ஒரே வயதுடைய இருவரின் உண்மையான உச்சத் துடிப்பு 20, 25 என்று வேறுபட இடமிருக்கிறது. இந்த வாய்பாடுகள் எதுவும் பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவருக்கு அப்படியே பொருந்தாது என்பது எல்லாவற்றையும்விட முக்கியம்.

பொருந்தும் கணக்கு ஒன்று உண்டு. பின்லாந்தைச் சேர்ந்த மார்ட்டி கார்வோனன் 1957-இல் வெளியிட்ட ஆய்வின் வழியே வந்த முறை அது. உச்சத் துடிப்பிலிருந்து ஓய்வுத் துடிப்பைக் கழித்து, மீதியில் 40 முதல் 59 விழுக்காட்டை ஓய்வுத் துடிப்போடு கூட்டினால், மிதமான உழைப்பின் எல்லை கிடைக்கும். இதில் உச்சத் துடிப்பை வாய்பாட்டிலிருந்து எடுக்காமல், நீங்கள் வழக்கம்போல் மாத்திரை சாப்பிட்டிருக்கும் நாளில் டிரெட்மில் பரிசோதனை செய்து நேரடியாக அறிய வேண்டும். விளக்கத்துக்காக ஓர் எண்ணை வைத்துக்கொள்வோம். அந்தப் பரிசோதனையில் உங்களால் 136 வரைதான் போக முடிகிறது என்றால், 58-ஐக் கழித்த மீதி 78. அதில் 40 விழுக்காடு 31, 59 விழுக்காடு 46. ஓய்வுத் துடிப்போடு கூட்டினால் எல்லை 89 முதல் 104 வரை. அப்படியானால், போதாது என்று நீங்கள் வருந்துகிற அந்த 104 மிதமான உழைப்பின் மேல்விளிம்பில் இருக்கிறது. உங்களுடைய உண்மையான எண் வேறாக இருக்கலாம். ஆனால் கணக்கு போகும் திசை இதுதான்.

பரிசோதனை முடியும்வரை எண்ணை வைத்து நடக்க வேண்டாம். மூச்சை வைத்து நடங்கள். நடந்துகொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிந்து, ஆனால் பாட முடியாமல் இருந்தால் அது மிதமான உழைப்பு. இரண்டு மூன்று சொற்களுக்கு ஒருமுறை மூச்சு வாங்க நிற்க வேண்டியிருந்தால் அது கடின உழைப்பு. இப்போதைக்கு அங்கே போக வேண்டாம். ஸ்வீடனைச் சேர்ந்த உளவியலாளர் குன்னார் போர்க், தன் உழைப்பு எவ்வளவு கடினமாக இருக்கிறது என்பதை ஒருவர் தாமே மதிப்பிடுவதற்காக 6 முதல் 20 வரையிலான அளவுகோல் ஒன்றை உருவாக்கினார். அதில் 12, 13 என்று நீங்கள் உணரும் அளவே போதுமானது. இது அறிவியல் குறைந்த மாற்றுவழி என்று நினைத்துவிடாதீர்கள். துடிப்பைத் தணிக்கும் மருந்து சாப்பிடும் இதய நோயாளிகளுக்கு மறுவாழ்வுப் பயிற்சி தரும் இடங்களிலும் இந்த அளவுகோலையே பெரிதும் நம்புகிறார்கள். பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பில் ஈடுபட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பரிந்துரைத்தது. நாளொன்றுக்கு முக்கால் மணி நேரம் நடக்கும் நீங்கள் வாரத்துக்கு 315 நிமிடம் நடக்கிறீர்கள். உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதுவே என் பதில்: அந்த நடையால் உங்கள் இதயத்துக்கு முழுப் பயன் உண்டு.

அடுத்து, 164. நின்றவுடன் கையில் நாடி பிடித்துப் பார்த்தது மிகச் சரியான செயல். வாட்ச் காட்டியதை அப்படியே நம்பிப் பதறாமல் நீங்கள் எண்ணிப் பார்த்ததால்தான் என்னால் இவ்வளவு உறுதியாக எழுத முடிகிறது. கால் நிமிடத்தில் 28 என்றால் நிமிடத்துக்கு 112. மணிக்கட்டில் கட்டும் வாட்ச், தோலுக்குள் பச்சை ஒளியைச் செலுத்தி, இரத்தம் பாயும்தோறும் திரும்பி வரும் ஒளி கூடிக் குறைவதைக் கொண்டு துடிப்பைக் கணிக்கிறது. ஓடும்போது கை ஆடுவதாலும் பட்டை தளர்வாக இருப்பதாலும், இரத்த ஓட்டத்தின் தாளத்தை விட்டுவிட்டு, பாதம் தரையில் விழும் தாளத்தைத் துடிப்பாக அது எடுத்துக்கொள்வதுண்டு. மெதுவாக ஓடுபவர்கள் நிமிடத்துக்கு 150 முதல் 170 அடி வரை வைப்பது வழக்கம் என்பதால், உங்கள் 164 பெரும்பாலும் உங்கள் காலடிகளின் எண்ணிக்கையாகவே இருக்கும். வாட்சை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் அகலம் மேலே, நகராதபடி கட்டுங்கள். துல்லியம் வேண்டும் என்றால், இதயத்தின் மின்னலைகளை நேரடியாக உணரும் மார்புப் பட்டையே உடற்பயிற்சியின்போது நம்பகமானது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். திடீரென்று தொடங்கித் திடீரென்று நின்றுவிடும் மிகை வேகத் துடிப்பு நோய் ஒன்றும் உண்டு; அது வந்தால் பெரும்பாலும் மார்பில் படபடவென்று அடித்துக்கொள்வதை உணர முடியும். நீங்கள் அப்படி எதையும் எழுதவில்லை. என்றாலும், அன்று அப்படி உணர்ந்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

தலைசுற்றலை நான் எளிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஓடும்போது கால் தசைகள் சுருங்கி விரிந்து, இரத்தத்தை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கின்றன. சட்டென்று நின்றால் அந்தத் தள்ளுதல் நின்றுவிடுகிறது; விரிந்திருக்கும் காலின் இரத்தக் குழாய்களில் இரத்தம் தேங்கி, மூளைக்குப் போவது சில கணங்கள் குறைகிறது. வழக்கமாக இதயம் வேகமாகத் துடித்து இதைச் சமாளிக்கும். உங்கள் மாத்திரை அந்த வழியைக் குறுக்கியிருக்கிறது. எனவே எந்த வேகத்தில் நடந்தாலும் கடைசி ஐந்து முதல் பத்து நிமிடம் மெல்ல நடந்து, பிறகே நில்லுங்கள். நின்றவுடன் குனிய வேண்டாம். உங்கள் தலைசுற்றலுக்கு இதுவே காரணமாக இருக்கும் என்பது என் கணிப்பு; ஆனால் மாத்திரையின் அளவு உங்களுக்குக் கூடுதலாக இருப்பதும், துடிப்பின் ஒழுங்கில் கோளாறு இருப்பதும் இதேபோல் வெளிப்படலாம் என்பதால், இந்த வாரத்திலேயே உங்கள் மருத்துவரைப் பாருங்கள். உழைப்பு நின்ற பிறகல்லாமல், உழைத்துக்கொண்டிருக்கும்போதே மயக்கம் வந்தாலும், மார்பில் அழுத்தமோ இறுக்கமோ தோன்றி அது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவினாலும், வழக்கமான நடைக்கே மூச்சு வாங்கினாலும், உடனே நின்று, வாட்சில் என்ன எண் இருந்தாலும் பொருட்படுத்தாமல் அவசர சிகிச்சைக்குச் செல்ல வேண்டும். உங்களுக்குச் சர்க்கரை நோய் உண்டா என்று எழுதவில்லை. இருந்தால், இரத்தச் சர்க்கரை தாழும்போது எச்சரிக்கையாக வரும் படபடப்பைப் பீட்டா பிளாக்கர் மறைத்துவிடும். வியர்வையே மிச்சமிருக்கும் அடையாளமாக இருக்கும். நடை முடிந்து வரும் தலைசுற்றலுக்கு அதுவும் ஒரு காரணமாகலாம் என்பதால், அந்த நேரத்தில் சர்க்கரையை அளந்து பார்க்க வேண்டும்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, சில நாள் குறிப்புகளைக் கையோடு கொண்டுபோனால் அவருக்கு மிக உதவியாக இருக்கும். காலை விழித்தவுடன் கையால் எண்ணிய துடிப்பு, மாத்திரை சாப்பிட்ட நேரம், நடைக்குப் போன நேரம், நடையின் நடுவில் கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கிய துடிப்பு, அப்போது பேச முடிந்ததா என்பது, தலைசுற்றல் வந்திருந்தால் எந்தக் கணத்தில் வந்தது என்பது ஆகியவை போதும். மாத்திரை சாப்பிட்ட நேரத்தை ஏன் கேட்கிறேன் என்றால், சாதாரண மெட்டோப்ரோலால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் உச்ச அளவை எட்டி, பிறகு குறையும்; நாள் முழுவதும் சிறிது சிறிதாகக் கரையும் வகை அப்படியல்ல. உங்களுடையது எந்த வகை என்பதைப் பொறுத்து, ஒரே நடைக்குக் காலையில் ஓர் எண்ணும் மாலையில் வேறோர் எண்ணும் வரக்கூடும். படுத்த நிலையிலும், எழுந்து நின்ற பிறகு ஒன்று முதல் மூன்று நிமிடத்துக்குள்ளும் இரத்த அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20-க்கு மேல் இறங்கினால் தலைசுற்றலுக்கு அதுவே காரணமாகலாம். பழைய மாத்திரையை மாற்றி இதைக் கொடுத்ததன் காரணத்தையும் தயங்காமல் கேளுங்கள். இரத்த அழுத்தத்துக்கு மட்டும் என்றால் வேறு வகை மாத்திரைக்கு மாற இடமிருக்கலாம். துடிப்பின் ஒழுங்குக்காகவோ நெஞ்சுவலிக்காகவோ கொடுத்திருந்தால் இதைத் தொடர வேண்டியது கட்டாயம். ஈ.சி.ஜி.யும், அவர் தேவை என்று கருதினால் டிரெட்மில் பரிசோதனையும் முடிந்த பிறகு, அதில் கிடைத்த உச்சத் துடிப்பை வாட்சின் அமைப்புகளில் நீங்களே பதிவு செய்துகொள்ளலாம். பெரும்பாலான வாட்சுகளில் அதற்கு வசதி இருக்கிறது. அதுவரை இலக்குத் துடிப்புக்கான அறிவிப்பை மட்டும் அணைத்து வைத்துவிட்டு, நாளைக் காலையும் வழக்கம்போல் முக்கால் மணி நேரம் நடந்து வாருங்கள்.